தூலிகரியில் இருபது நிமிடம்

வாய் ஓயாதவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் பின்லாந்துக் கடலோரத்தில், பதினேழே வீடுகள் உள்ள தூலிகரித் தீவில் அப்படி ஒருத்தி பிறந்தது கொஞ்சம் அநியாயம்தான். அங்கே வீட்டைவிட்டு இறங்குவதற்கு முன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். பாதையில் பக்கத்து வீட்டுக்காரர் நின்றால், அவர் போகட்டும் என்று உள்ளேயே காத்திருப்பார்கள். பகை எல்லாம் இல்லை, மரியாதை.

தெல்லெர்வோவுக்கு அந்த மரியாதை கடைசிவரை பிடிபடவே இல்லை. ஏழு வயதில் பாதிரியாரை மறித்து, "பரலோகத்துல சவுனாக் குளியல் இருக்கா? இருந்தா விறகு யாரு வெட்டுறது?" என்று கேட்டவள். அன்று அம்மா மூடச் சொன்ன வாய் அறுபத்துமூன்று வயதிலும் மூடவில்லை. வலை வீசுகிற எய்னோவைக் கட்டிக்கொண்டாள். அவன் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவான். நாலும் அவள் கேள்விக்குப் பதில். ஒன்பது வருடத்துக்கு முன் அவன் போய்ச் சேர்ந்ததும் வீடு தாங்கமுடியாத அமைதியாகிவிட்டது. பிறகுதான் படகுத்துறையில் காப்பிக் கடை போட்டாள்.

கோடையில் இரண்டு நாளைக்கு ஒருமுறை பயணிகள் கப்பல் வரும். இருபது நிமிடம் நிற்கும். கோபன்ஹேகன், ஓஸ்லோ, ஸ்டாக்ஹோம் எல்லாம் சுற்றிவிட்டு தாலினுக்குப் போகிறவர்கள் காப்பிக்கும் ஏலக்காய் பன்னுக்கும் இறங்குவார்கள். அவள் துர்க்கு நகரத்தைத் தாண்டி எங்கும் போனதில்லை. ஆனால் மழை ஓயாத பெர்கனில் குடையை எங்கே மறந்து வைப்பார்கள், லோஃபோடனில் மீன் காயப்போடும் வீதியில் குடியிருப்பவர்கள் துணியை எங்கே காயப்போடுவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒருமுறை ஃபாரோ தீவிலிருந்து வந்த தம்பதியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க ஊர்ல கூரை மேல புல்லு முளைச்சிருக்குமாமே. அதை யாரு வெட்டுறது? ஆட்டை ஏத்திவிடுவீங்களா?"

கப்பல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற வோய்த்தோ காதில் இது விழுந்தது. அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன், தீவின் சங்கத் தலைவன். பதில் அவன் காதுக்கு எட்டுவதற்குள் கப்பல் ஊதியது. தலையில் அடித்துக்கொண்டு கயிற்றை அவிழ்த்தான்.

போன வருடம் கப்பல் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. தூலிகரியில் நிற்பது வீண் என்று சிலர் நினைக்கிறார்களாம். ரைமோ என்ற அதிகாரி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம். தெல்லெர்வோ கடிதத்தை இரண்டு முறை படித்தாள். கப்பல் வராமல் போனால் புது முகமே கிடையாது. பதினேழு வீட்டையும் கேட்டு முடித்து நாற்பது வருடம் ஆகிறது.

வோய்த்தோ கடைக்கு வந்து தொப்பியைக் கழற்றினான். முக்கியமான விஷயம் என்று அர்த்தம்.

"தெல்லெர்வோ, உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறேன். அந்த ஒரு நாள் மட்டும் வாயைத் திறக்காத."

"காப்பியில பால் ஊத்தணுமான்னு கேக்கலாமா?"

"பாலைப் பக்கத்துல வச்சிடு. அவரே ஊத்திக்குவாரு."

ரைமோ காலையில் ஒரு மீன்பிடிப் படகில் வந்து இறங்கினார். மூன்று மணிக் கப்பலில் திரும்ப வேண்டும். ஊர் தன் மரியாதை முழுவதையும் காட்டியது. அவர் வரும் பாதையெல்லாம் காலியானது, திரைச்சீலைகள் மட்டும் அசைந்தன. கலங்கரை விளக்கைத் தனியாகப் பார்த்தார். துறையோரச் சவுனாவில், விறகு எரித்துச் சூடேற்றிய அறையில், தனியாக உட்கார்ந்து வேர்த்தார். பிறகு காப்பிக் கடைக்கு வந்தார்.

தெல்லெர்வோ காப்பியை வைத்தாள், பாலை வைத்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவருடைய ஸ்வெட்டர் முழங்கையில் ஒரு ஓட்டை. சாம்பல் நிறக் கம்பளியில் சிவப்பு நூல் போட்டு, கோணல்மாணலாக யாரோ அதைத் தைத்திருந்தார்கள். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நாக்கு அரித்தது. மூன்று கோப்பை முடிந்தது. தூரத்தில் கப்பல் ஊதியது.

ரைமோ தொண்டையைச் செருமினார்.

"இங்க கேள்வி கேக்குற அம்மா ஒருத்தங்க இருந்தாங்களே, இறந்துட்டாங்களா?"

"யாரு சொன்னது உங்களுக்கு?"

"பயணிங்க எழுதுற கடிதத்துல எல்லாம் அவங்கதான் இருக்காங்க. விளக்கைப் பத்தி ஒருத்தரும் எழுதல. காலையிலேருந்து சுத்துறேன், எங்கிட்ட யாரும் ஒண்ணுமே கேக்கல."

அவள் துறையைப் பார்த்தாள். வோய்த்தோ அங்கிருந்தே வேண்டாம் என்று கையை ஆட்டினான். போகட்டும் போ என்று நினைத்துக்கொண்டாள்.

"முழங்கையில யாரு தைச்சது?"

ரைமோ முழங்கையை மறைத்தார். பிறகு கையை எடுத்தார்.

"நான்தான். பிப்ரவரியில என் மனைவி தவறிட்டா. அவ தைச்சா தைச்ச இடமே தெரியாது."

"அதுக்கு ஏன் சிவப்பு?"

"அவ தையல் பெட்டியில மேல இருந்தது அதுதான். மத்ததைக் கிளற மனசு வரல." அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவ போனதுலேருந்து என்கிட்ட இதை யாரும் கேக்கல. ஆபீசுல எல்லாரும் ரொம்ப மரியாதையானவங்க."

தெல்லெர்வோவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நான்காவது கோப்பையை ஊற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். மனைவி பெயர் என்ன, அவளுக்கு எந்த மீன் பிடிக்கும், கோபம் வந்தால் என்ன செய்வாள் என்று வரிசையாகக் கேட்டாள். கப்பல் வந்தது, இருபது நிமிடம் நின்றது, போயும் விட்டது. ரைமோ எழுந்திருக்கவில்லை. தொலைந்தது என்று வோய்த்தோ ஓடி வந்து, தன் படகில் கொண்டுவிடுவதாகச் சொன்னான். ரைமோ வேண்டாம் என்றார். அடுத்த கப்பல் வரும்வரை இரண்டு நாள் இருந்தார்.

அவர் போனபிறகு சவுனாவின் விருந்தினர் குறிப்பேட்டை வோய்த்தோ பயந்துகொண்டே புரட்டினான். எல்லோரும் எழுதுவதுபோல்தான் அவரும் எழுதியிருந்தார். காற்று தென்மேற்கு. சூடு எண்பது டிகிரி. அதற்குக் கீழே இன்னொரு வரி: கேள்விகள் நாற்பத்தொன்று.

இந்தக் கோடைக்கான கப்பல் அட்டவணை மே மாதம் வந்தது. தூலிகரிக்கு நேரே, இருபது நிமிடம் இருந்த இடத்தில் ஒரு மணி நேரம் என்று அச்சாகியிருந்தது. வோய்த்தோ அதைக் கடைச் சுவரில் ஒட்டினான். ஒட்டிவிட்டுப் போகாமல் நின்றான். தொப்பியைக் கழற்றினான்.

"என்ன வோய்த்தோ, இன்னும் என்ன?"

"ஒண்ணுமில்ல." ஜன்னல் பக்கம் பார்த்து, யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டான். "அந்த ஃபாரோக்காரங்க என்னதான் சொன்னாங்க? ஆட்டைக் கூரை மேல ஏத்துவாங்களா, மாட்டாங்களா? நாலு வருஷமா மண்டையைக் குடையுது."