ஏழுமலை வைத்த இரண்டாவது கைப்பிடி

அன்று காலை கால்வாய்க் கரையில் ஏழுமலைக்காகக் காத்திருந்தேன். பம்பு டிரெய்லரைக் கரையோரம் விட்டுவிட்டு டிராக்டர் போயிருந்தது. பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்க வேண்டும். அதற்கு நாங்கள் இருவரும் வேண்டும். எனக்குப் பிறகு அவர் வேலைக்கு வந்ததே கிடையாது. நான் வரும்போது பம்பைத் தூக்கும் வின்ச்சுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருப்பார். அன்று அவருக்குப் பதிலாகக் கரைமேல் ஒரு மொபெட் வந்தது. ஓட்டி வந்தவர் அனுமந்தைக்காரர், ஏழுமலையின் பக்கத்து வீடு. எஞ்சினை அணைக்காமலே கேட்டார்.

"நீங்கதான் சூப்பர்வைசர் சாரா?"

"ஆமாம்."

"ஏழுமலை அண்ணன் போய்ட்டாரு சார். தண்ணி புடிக்க வரலியேன்னு கதவைத் தட்டுனோம். தூக்கத்துலயே உயிரு போயிருக்குது."

இன்னும் இரண்டு இடத்தில் சொல்ல வேண்டும் என்று அவர் திரும்பிப் போய்விட்டார். நான் டிரெய்லர் சக்கரத்தைப் பிடித்தபடி நின்றேன். நாலாபுறமும் உப்புப் பாத்திகள். அவற்றில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. யாரிடமாவது உடனே சொல்லியாக வேண்டும் போல் இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆள் இல்லை.

மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்த்த உங்களுக்கு ஏழுமலையைத் தெரியாமல் இருக்காது. பம்பு ஃபிட்டர். நெடிய உடம்பு, தோளில் எப்போதும் எண்ணெய்க் கறை படிந்த துண்டு. பேச்சு ஓயாது. பீடி வாயில் இருந்தாலும் பேச்சு நிற்காது. எதிரே நிற்பவர் கேட்கிறாரா என்று பார்த்துப் பேசுகிறவர் அல்ல. கருவாட்டுக் குழம்பு, எஸ்.டி.டி. பூத், கல்யாண வீட்டுச் சண்டை, டீசலின் நிறம் என்று எதிலிருந்தும் தொடங்குவார். அவரைப் பற்றிப் பேசும்போது நீங்கள் எல்லாரும் சிரிக்கத்தான் செய்கிறீர்கள். கடைசி இரண்டு வருடங்களில் அவருக்கு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்தவன் என்ற முறையில் அதைச் சொல்கிறேன்.

சுனாமியில் கால்வாய்க் கரையில் இருந்த பம்பு அறையின் அடித்தளம் பிளந்துபோனது. மறுபடி கட்டடம் வேண்டாம், எஞ்சினையும் பம்பையும் டிரெய்லரில் ஏற்றித் தேவைப்படும் இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று நிர்வாகம் முடிவெடுத்தது. யோசனை நல்லதுதான். ஆனால் கரை உயரம், தண்ணீர் பள்ளம். டிரெய்லர் மேலேயே வைத்து ஓட்டினால் பம்பு காற்றைத்தான் உறிஞ்சும். அதனால் ஒவ்வொரு இடத்திலும் அந்தக் கனத்தைச் சரிவில் இறக்கி, வேலை முடிந்ததும் திரும்ப ஏற்ற வேண்டும். இரண்டு பலகை, ஒரு கயிறு, நான்கு பேர்: ஏழுமலை, பாவாடை, செல்வம், அந்தோணி. அவர்கள் கூச்சல் ஆபீஸ் வரை கேட்கும். ஏழுமலை ஏதாவது சொல்வார், மூவரும் சிரிப்பார்கள், சிரிப்போடு கயிறு இறங்கும்.

ஒருநாள் பலகை வழுக்கியது. கீழே நின்றிருந்த பாவாடையின் வலது பாதத்தின் மேல் பம்பு உட்கார்ந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கணுக்காலோடு எடுத்துவிட்டார்கள். கயிற்றின் மேல்முனையைப் பிடித்து நின்றவர் ஏழுமலை. அவர்மேல் தப்பு இல்லை என்று பாவாடையே எல்லாரிடமும் சொன்னான். ஆனாலும் அன்றிலிருந்து ஏழுமலையின் பேச்சு நின்றுபோனது. அவரை அப்படி யாரும் பார்த்ததில்லை. மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சார், கொஞ்சம் இரும்பு வேணும்."

"எதுக்கு?"

"பம்பு வுழக்கூடாதுன்னு நான் கேக்கல சார். கனமான பொருளு வுழத்தான் பாக்கும். மெதுவா வுழட்டும்னுதான் கேக்கறேன்."

அவர் செய்தது இதுதான். டிரெய்லரின் இரு பக்கமும் மேலும் கீழுமாக ஒரே நீளத்தில் இரண்டிரண்டு இரும்புக் கைகள். ஒரு முனை டிரெய்லர் சட்டத்தில், மறுமுனை பம்பு உட்காரும் மேடையில். முனைகள் எல்லாம் ஆணியில் சுழலும். கைகள் வெளியே சாயும்போது, மேடை சாயாமல் மட்டமாகவே வளைந்து வந்து தண்ணீருக்குப் பக்கத்தில் இறங்கும். பாதி எடையைத் தாங்க ஸ்பிரிங். திரும்பத் தூக்கக் கையால் சுற்றும் வின்ச். இவ்வளவையும் நம் ஊர் வெல்டிங் பட்டறையிலேயே முடித்துவிட்டார். மெதுவாக இறங்குவதுதான் நடக்கவில்லை. பழைய பஸ்ஸின் ஷாக் அப்சார்பர்களை வாங்கி மாட்டினார். பம்பு பாதி தூரம் அடங்கி வந்து, பிறகு எகிறி விழுந்தது. அவற்றையும் உப்புக்காற்று சீக்கிரமே தின்றுவிட்டது.

குயிலாப்பாளையத்துப் பக்கம் ஒரு பட்டறையில், ஒதுக்கிப்போட்ட டிப்பர் வண்டியின் பெட்டியைத் தூக்கும் ஹைட்ராலிக் சிலிண்டரைப் பார்த்துவிட்டு வந்தார். அன்று அவர் மறுபடி பேச ஆரம்பித்தார். சிலிண்டரின் இரு முனைகளையும் குழாயால் இணைத்து, நடுவில் கைப்பிடியோடு ஒரு வால்வு வைத்து, மேலே ஒரு சின்ன எண்ணெய் டப்பாவும் பொருத்தினார். பம்பு கீழே வர வேண்டுமானால் உள்ளே இருக்கும் எண்ணெய் வால்வின் சிறு துளை வழியாகத்தான் அந்தப் பக்கம் போயாக வேண்டும். துளை எவ்வளவு சின்னதோ, இறக்கம் அவ்வளவு மெதுவு. அழுத்திய கைப்பிடியை விட்டால் வால்வு தானாக மூடிக்கொள்ளும், பம்பு அப்படியே அந்தரத்தில் நிற்கும்.

முதல் தடவை இறக்கிப் பார்த்த அன்று, கட்டையை ஊன்றியபடி பாவாடை வந்திருந்தான். ஏழுமலைதான் டிராக்டரில் உட்காரவைத்து அழைத்து வந்தார். கைப்பிடியை அழுத்தியதும் அத்தனை கனமும் அசைந்து வெளியே வந்தது. கூடியிருந்தவர்கள் முதலில் பின்வாங்கினார்கள். அது வரும் வேகத்தைப் பார்த்துப் பிறகு சிரித்தார்கள்.

"இன்னாண்ணே, சாயங்காலம்தான் தரைக்கு வரும் போலக்குதே!" என்றான் செல்வம்.

பாவாடை மட்டும் சிரிக்கவில்லை. பம்பு தரையில் உட்கார்ந்த பிறகும் எதற்கோ காத்திருப்பவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "ஏம்பா, சத்தமே வரலியே" என்றான். ஏழுமலை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு டிரெய்லருக்குப் பின்னால் போய்விட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததை அவர் எதிர்பார்க்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அந்த வருடம் மழை பலமாகப் பெய்து கரைகள் உடைந்து, உப்புக்காலம் தாமதமாகத் தொடங்கியது. தொடங்கியபோது, பம்புக்கு ஒரு ஆள் போதும் என்று ஆர்டர் வந்தது. அந்தோணி கட்டட வேலைக்குப் புதுச்சேரி போய்விட்டார். செல்வத்தை உப்பு வாரும் கூட்டத்தில் சேர்த்தார்கள். பாவாடைக்கு வாசலில் காவல் வேலை கிடைத்தது. டீக்கடையில் எல்லார் முன்னாலும் செல்வம் கேட்டான்.

"நல்லா மிஷின் செஞ்ச போ. நீ உள்ள இருக்க, நாங்க வெளிய போய்ட்டோம்."

ஏழுமலை டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு அவர் வரவில்லை.

அந்தக் காலத்தில் ஆபீஸ் ஜன்னலிலிருந்து அவரைப் பார்ப்பேன். வெள்ளைப் பாத்திகளுக்கு அப்பால், கரைமேல் ஒற்றை ஆள். கை ஆடிக்கொண்டே இருக்கும். யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஒருமுறை பக்கத்தில் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. எஞ்சினிடம் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டு, "தனியா நின்னா இதாண்ட பேசத் தோணுது சார். அது நல்லதில்ல" என்றார்.

அடுத்த மாதம் அவர் டிரெய்லரின் மறுபக்கத்தில் இன்னொரு வால்வும் இன்னொரு கைப்பிடியும் பொருத்தியிருந்தார். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் எண்ணெய் நகரும். ஒருவரே இரண்டையும் எட்ட முடியாது. சுற்றிப் பார்க்க வந்த மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒரு ஆள் போதும்னுதானப்பா இதைச் செஞ்ச?"

"ஆமாங்க."

"அப்புறம் எதுக்கு இது?"

"எஞ்சின் மறைக்குதுங்க. இந்தப் பக்கம் நிக்கிறவனுக்கு அந்தப் பக்கம் தெரியாது. யாராவது கீழ காலை வச்சிருந்தா? ரெண்டு பக்கமும் ஆளு நின்னாதான் இறங்கணும்."

"அந்தப் பக்கம் யாருமே இல்லியே. நீ ஒருத்தன்தான இருக்க?"

ஏழுமலை, "அதத்தாங்க நானும் சொல்றேன்" என்றார்.

மேனேஜருக்கு அது புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. ஒரு பாதம் போன இடம் என்பதால் அந்தக் கைப்பிடியைக் கழற்றச் சொல்ல அவருக்குத் துணிவில்லை. புது ஆள் போடவும் மனமில்லை. என் பக்கம் திரும்பி, "இறக்கும்போதும் ஏத்தும்போதும் நீங்க போய் நில்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கார் ஏறினார். செல்வத்தைத் திரும்பக் கொண்டுவர ஏழுமலை போட்ட கணக்கு அது. கிடைத்தவன் நான்.

அவர் ஏமாற்றத்தை என்னிடம் காட்டவில்லை. மறுநாள் காலை எனக்காக ஒரு பழைய தொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தார். "வெயிலு உங்களுக்குப் பழக்கம் கிடையாது" என்றார். நான் திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து வேலைக்காக வந்தவன். மரக்காணத்தில் ஒற்றை அறை, ஒரு ஸ்டவ். ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலிருந்து இரவு வரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்த நாட்கள் உண்டு. அதை நான் அவரிடம் சொன்னதில்லை. ஆனால் சில வாரங்களில் அவர் இரண்டு டிபன் பாக்ஸ் எடுத்துவர ஆரம்பித்தார். நெத்திலி வறுவல் அவர் கையில் நன்றாக வரும். பம்பு ஓடும்போது இருவரும் டிரெய்லர் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்த இரைச்சலிலும் பேசிக்கொண்டே இருப்பார். பாதி காதில் விழாது. எதைப் பற்றியும் பேசுவார், வீட்டைப் பற்றி மட்டும் பேசமாட்டார். அவர் மனைவி வெகு காலத்துக்கு முன்பே பெரிய முதலியார்சாவடியில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார் என்பது பாவாடை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சாவு வீட்டில் அந்த அம்மாவைப் பார்த்தேன். பெயர் அஞ்சலை. கூட்டத்தில் சேராமல் வேலியோரம் நின்றிருந்தார். அழவில்லை. நான் உப்பளத்து ஆள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். என்னிடம் வந்தார்.

"நீங்கதான் அவராண்ட வேலை செஞ்சீங்களா?"

"ஆமாம்மா."

"அங்க அவரு பேசுவாராங்க?"

கேள்வி எனக்கு முதலில் விளங்கவில்லை.

"வீட்டுல பேசவே மாட்டாருங்க. அடிச்சதில்ல, திட்டுனதில்ல. சோத்தைப் போட்டா துன்னுவாரு, சொவத்தைப் பாத்துனு உக்காந்திருப்பாரு. வருஷக்கணக்கா அப்படியே. எனக்குப் பைத்தியம் புடிக்கும் போல இருந்திச்சு. அதான் போய்ட்டேன்."

"அங்க நிறையப் பேசுவாரும்மா" என்றேன். "பேச்சை நிறுத்தவே மாட்டாரு."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுதலுக்குச் சொல்கிறேனோ என்று சந்தேகப்பட்டது போல் இருந்தது. "இன்னா பேசுவாரு?" என்று கேட்டார். நான் ஞாபகம் வந்ததை எல்லாம் சொன்னேன். கருவாட்டுக் குழம்பைப் பற்றி, பூத்காரனைப் பற்றி, டீசலின் நிறத்தைப் பற்றி. அவர் ஒவ்வொன்றையும் தலையசைத்துக் கேட்டார். அப்போதுதான் அழ ஆரம்பித்தார். மேளச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. ஏழுமலை ஏன் வீட்டுக்குள் ஊமையாக இருந்தார் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இனி கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழி இல்லை.

செல்வம் வந்திருந்தான். பாடைக்குத் தோள் கொடுத்தான். பாவாடை கட்டையை ஊன்றிக்கொண்டு சுடுகாடு வரை நடந்தே வந்தான். வண்டியில் ஏறச் சொன்னோம், கேட்கவில்லை.

இப்போது பம்புக்கு ஒரு புது ஃபிட்டர் வந்திருக்கிறார். நல்ல வேலைக்காரர், பேச்சு குறைவு. இறக்குவதற்கு முன் குனிந்து, டிரெய்லருக்கு அடியில் என் கால் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்கிறார். அது போதும்தான். ஏழுமலை அப்படிக் குனிந்து பார்த்ததில்லை. எஞ்சினுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுப்பார்: "சார், இருக்கீங்களா?" நான் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். மெதுவாகச் சொன்னால் மறுபடி கேட்பார். என் குரல் காதில் விழாமல் ஒருநாளும் அவர் கைப்பிடியை அழுத்தியதில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்விதான். முதல் நாள் புது ஃபிட்டரிடம், "இருக்கீங்களா?" என்று கேட்டபோது, "இங்கதான சார் நிக்கிறேன்!" என்று திகைத்தார். இப்போது பழகிவிட்டார். கேட்டதும் "இருக்கேன் சார்" என்கிறார். அது கேட்ட பிறகு என் கைப்பிடியை அழுத்துகிறேன். எண்ணெய் மெதுவாக நகர்கிறது, பம்பு சத்தமில்லாமல் கீழே போகிறது. அந்தப் பக்கத்திலிருந்து என்னை யாரும் கேட்பதில்லை.