ஆணியில் தொங்கிய பை

போன வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டம் எங்கள் வீட்டு முறை. வாரம் ஒரு வீடு. பிளேன்டீயும் பிஸ்கட்டும் வீட்டுக்காரர் பொறுப்பு.

எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்கும் — கதவருகே ஆணியில் தொங்கிய பை ரீற்றா அன்ரியின் கண்ணில் படாமல் இருந்திருந்தால்.

"சண்டை முடிஞ்சு எத்தனை மாசம்? இன்னும் ஓடுறதுக்கு அடுக்கி வெச்சிருக்கியளா புள்ள? ஆண்டவரை நம்புறம் எண்டு பாட்டு... பக்கத்தில ஓட்டப் பை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். வேறு என்ன செய்வது?

அப்படி ஒரு பை உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். அடையாள அட்டை, காணி உறுதிப் பத்திரம், சான்றிதழ், மருந்து, டோர்ச். சுனாமி வந்த காலையில் அப்பா தன் வேதாகமத்தையும் அதற்குள் திணித்து, பையை என் கழுத்தில் மாட்டிவிட்டார். பக்கத்து வீட்டில் படுக்கையில் கிடந்தவரைத் தூக்கி வரப் போனார். திரும்பவில்லை. பிறகு சண்டையால் இடம்பெயர்ந்தபோது இரண்டு முகாமுக்கும் அந்தப் பை எங்களோடு வந்தது.

நான் தொழில்நுட்ப உதவியாளர். தண்ணீரில் உப்பு அளக்கும் வேலை. கிணறென்றால் நானே போவேன். கடலோடு சேரும் வாவிக்குள் தோணியில் போவதென்றால் வேறு ஆளை அனுப்பிவிடுவேன். சுனாமியில் தப்பிய பிள்ளை என்று அலுவலகமும் பொறுத்துக்கொண்டது. போன வாரம் அந்தப் பொறுமையும் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை நான் வாவிக்குப் போகாவிட்டால் என் வேலை இன்னொருவருக்கு என்றார்கள்.

பட்டியல் இல்லாமல் எனக்கு நாள் விடியாது. பைக்கும் ஒன்று உண்டு. மாதக் கடைசியில் எல்லாவற்றுக்கும் சரி அடையாளம் போடுவேன்.

"அப்பாட வேதத்தை எடு மகள். இண்டைக்கு அதில வாசிப்பம்," என்றார் அம்மா, கூட்டத்தில் சிரிப்பு அடங்கியதும்.

"அது பொலித்தீன்ல சுத்தினபடியே இருக்கட்டும் அம்மா. வேற இருக்குத்தானே."

அம்மா கேட்கவில்லை. தானே முடிச்சை அவிழ்த்தார். டோர்ச் பற்றரி எப்போதோ கசிந்து, தூளாகப் பூத்திருந்தது. அது அரித்து என் டிப்ளோமாவின் ஒரு மூலையே இல்லை.

"மாசாமாசம் சரி போட்டியே... திறந்து பாத்தனியா?"

இல்லை. பட்டியல் தாளைத்தான் பார்த்தேன். விசுவாசம் உண்டா என்று கேட்டாலும் உடனே 'ஓம்' என்கிறேனே — அதுவும் இப்படிப் போட்ட சரிதானா?

வேதாகமத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசி வெற்றுப் பக்கத்தில் அப்பாவின் பென்சில் எழுத்து. ஜெபிக்க வேண்டியவை... பட்டியல்! மாமாவின் வழக்கு — சரி. அயலவரின் காய்ச்சல் — சரி. கடைசி வரி: 'மகளுக்குத் தண்ணீர்ப் பயம் போக.' அதற்கு மட்டும் சரி இல்லை.

அதாவது, பயம் சுனாமிக்கு முன்பே இருந்திருக்கிறது. இத்தனை வருடமும் கடலைச் சாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பத்திரங்கள் அலுமாரிக்குப் போயின. திங்கட்கிழமை அந்தப் பையில் ஆறு வெறும் போத்தல்களோடு தோணியில் ஏறினேன். இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா விட்ட வரியிலிருந்து ஜெபித்தேன்.

"தங்கச்சி, பலகையை அப்பிடி இறுக்கிப் பிடிக்காதீங்க. நீங்க இறுக்க இறுக்க தோணி ஆடும்," என்றார் தோணிக்காரர்.

ஒரு கையை விட்டேன். கொஞ்சம் கழித்து மற்றதையும். போத்தல் நிரப்ப இரண்டு கையும் வேண்டுமே.

வீட்டில் அம்மா அப்பாவின் வேதாகமமும் பென்சிலுமாகக் காத்திருந்தார். "இப்ப சரி போடன்."

"இல்லை அம்மா. அடுத்த திங்களும் ஏறிப் பாத்திட்டுப் போடுவம்."

ரீற்றா அன்ரியின் கவனத்துக்கு: பை இன்னும் அதே ஆணியில்தான். உள்ளே போத்தல்கள்.