மருந்தா, எண்ணெயா

கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த மருந்து குழந்தைகளின் வலிப்பை நிறுத்துமா என்று எங்கள் தருமபுரி ஆஸ்பத்திரியில் ஆய்வு நடந்தது. அதில் நான் நர்ஸ். ஏரியூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, வலிப்பு வரும் தன் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவார். மெலிந்த உடம்பு, தூக்கம் காணாத கண்கள். பாட்டிலைக் கொடுத்ததும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார்.

பாதிக் குழந்தைகளுக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் எண்ணெய். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது என்று முதல் நாளே சொல்லியிருந்தேன்.

“கஞ்சான்னாலே எங்க வூட்டுக்காரரு பயப்படறாருங்க சிஸ்டர். எனக்கு வெறும் எண்ணெயா இருந்துருமோன்னுதான் பயம்,” என்றார்.

மாதங்கள் போகப் போக அவர் மகளுக்கு வலிப்பு குறைந்தது. ஆய்வு முடிந்ததும் அந்தக் குழந்தைக்கு எதைக் கொடுத்தோம் என்று எழுதிய கவர் வந்தது. நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“வேண்டாங்க. மருந்துன்னா இனிமே அதுக்கு எங்க போவேன்? எண்ணெய்னா வலிப்பு நாளைக்கே திரும்ப வந்துருமோன்னு இருக்குது.”

“டாக்டர் பார்த்துத்தானே அக்கா மேற்கொண்டு சொல்வாரு?”

“அவரு பாக்கட்டுங்க. எங்கிட்ட மட்டும் சொல்லாதீங்க.”

மகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

டாக்டர் கவரைப் பிரித்துப் படித்தார். என்னிடம் சொல்ல வாயெடுத்தபோது வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். அடுத்த முறை வரும்போது அந்த அம்மா முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்.