நூற்று முப்பது வெள்ளி வீடு

புஷ்பவள்ளிக்கு வீட்டுக்காரர்களைக் கண்டாலே ஆகாது. ரவாங் நகரில் வாடகை வீடு பிடித்துக் கொடுத்துப் பிழைத்தவள் இப்படி இருந்தது வேடிக்கைதான். ஆனால் அவள் அதை யாரிடமும் மறைத்ததில்லை.

கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். ரவாங்குக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் ஆறு வருடம் வேலை செய்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில் ஆள் குறைத்தபோது அவளையும் அனுப்பிவிட்டார்கள். அதற்குள் தோட்டத்துச் சனங்கள் பத்துப் பன்னிரண்டு குடும்பத்துக்கு வீடு பார்த்துக் கொடுத்திருந்தாள், அதையே தொழிலாக்கிக்கொண்டாள். மற்ற தரகர்கள் வீட்டுக்காரரிடம் அரை மாத வாடகையை வாங்கிக்கொண்டு அவருக்கே ஒத்து ஊதுவார்கள். இவள் குடிவருகிறவர்களிடம் இருபது வெள்ளி வாங்குவாள், அவ்வளவுதான். வீட்டுக்காரர் கொடுத்தால் காப்பி கூடக் குடிக்கமாட்டாள்.

வீடு பார்க்க மதியம் இரண்டு மணிக்குத்தான் போவாள். கூரைச் சூடு அப்போதுதான் தெரியுமாம். குழாயைத் திறந்துவிட்டு வாளி நிறையும்வரை பக்கத்திலேயே நிற்பாள். சுவரில் இடுப்பளவுக்கு மட்டும் புதுச் சாயம் அடித்திருந்தால், வெள்ளம் எந்த மாதம் வந்தது என்று வீட்டுக்காரரையே கேட்பாள். பிறகு வாடகை இவ்வளவு என்று அவளே சொல்வாள்.

எண்பத்தாறில் முருகையா வந்தார். அவர் ரப்பர் பால் வெட்டிய தோட்டத்தை வீடமைப்புத் திட்டத்துக்கு விற்றுவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் லயத்துக் குடியிருப்பைக் காலி செய்தாக வேண்டும். மகள் சம்பளத்தைச் சேர்த்தாலும் நூற்று முப்பது வெள்ளிக்கு மேல் வாடகை என்றால் வீட்டில் அடுப்பு எரியாது என்று அவர் மனைவி தாயம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்.

நான்கு மாதமாகப் பூட்டிக் கிடந்த ஒரு வரிசை வீட்டைப் புஷ்பவள்ளி பிடித்தாள். வீட்டுக்காரர் நாராயணசாமி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பக்கத்து வீட்டிலேயே குடியிருந்தார். நூற்றெண்பதில் ஆரம்பித்தவரை, பின்பக்கத்து லோங்காங் சாக்கடை நாற்றத்தையும் ஒழுகும் கூரையையும் காட்டிக் காட்டி நூற்று முப்பதுக்கு இறக்கினாள். இரண்டு நாள் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை முருகையாவையும் தாயம்மாவையும் அழைத்துப் போனாள். நாராயணசாமி தன் வீட்டு முகப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் முருகையா வாசல் கேட்டுக்கு வெளியே, தார்ச்சாலையிலேயே செருப்பைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்தது. நாராயணசாமி முருகையாவின் தோட்டத்தில்தான் இருபது வருடம் கிராணியாகக் கணக்கெழுதியவர் என்பது புஷ்பவள்ளிக்கு அப்போதுதான் தெரிந்தது.

"முருகையாவா? லயத்து ஆளுங்கன்னா நூத்தியெம்பது. சொவரெல்லாம் கரியாக்கிடுவீங்க," என்றார் கிராணி.

"சரிங்க ஐயா," என்றார் முருகையா.

தாயம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். புஷ்பவள்ளியின் இரண்டு நாள் பேச்சு ஒரே சொல்லில் வீணாய்ப் போயிற்று. ஆனாலும் முருகையாவைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை. பால் நிறுக்கும் கொட்டகையில் கிராணி எடையைக் குறைத்துச் சொன்னாலும் அந்த மனிதர் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார். வேறு தோட்டத்தில், வேறு கிராணியிடம், அவளுடைய அப்பாவும் சாகும்வரை அதைத்தான் சொன்னார். வந்த ஆத்திரமெல்லாம் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் மேல்தான் வந்தது.

யாரையும் கேட்காமல் கிராணி வீட்டுக்குள் போனாள். கூடத்திலிருந்த பிரம்பு நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து கிராணிக்கு நேர் எதிரே போட்டாள்.

"அண்ணே, வந்து உக்காருங்க."

முருகையா நகரவில்லை. கிராணி முன்னால் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

"இது தோட்டம் இல்லண்ணே. அவருக்கு ஆளு வேணும், உங்களுக்கு வீடு வேணும், அவ்ளோதான்லா. எதுவா இருந்தாலும் உக்காந்துகிட்டு சொல்லுங்க."

தாயம்மா பின்னாலிருந்து அவர் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். முருகையா வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கிராணியின் முகம் கடுகடுத்தது. இந்த வீட்டுக்கு நூறு பேர் காத்திருக்கிறார்கள் என்றார். நாலு மாதமாக அந்த நூறு பேரும் எங்கே போனார்கள் என்று புஷ்பவள்ளி கேட்டாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"நூத்தியெம்பது. இஷ்டம்னா இரு. இல்லேன்னா எந்திரிச்சுப் போ," என்றார் முருகையாவிடம்.

முருகையாவின் உதடு அசைந்தது. பழைய பதில்தான் வரப்போகிறது என்று புஷ்பவள்ளி பயந்தே போனாள். அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்லப் பின்னால் நகர்ந்து, நாற்காலியில் முதுகு பட உட்கார்ந்தார்.

"நூத்தி முப்பதுங்க. இந்தப் புள்ளகிட்ட ஒத்துகிட்டது அதானே. இல்லேன்னா வேணாங்க."

கிராணி விருட்டென்று எழுந்து நின்றார். அவர் எழுந்தால் எதிரே இருக்கிறவனும் எழவேண்டும். அது தோட்டத்து வழக்கம். அதற்காகத்தான் காத்து நின்றார். முருகையா எழுந்திருக்கவில்லை. கடைசியில் கிராணிதான் உள்ளே போனார், சாவியை எடுத்து வந்தார், உட்கார்ந்திருந்தவர் கையில் நின்றபடியே கொடுத்தார்.