வெள்ளிக்கிழமை ரொட்டி

இந்தத் தீவுக்கு வந்த புதிதில், இங்குள்ளவர்கள் எல்லோரும் என்னை 'பா' போட்டுப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாடு விற்கும் வண்டியின் முன்னால் நின்று காய்கறி மட்டும் கேட்டால், உள்ளே இருக்கும் பெண் கரண்டியை ஆட்டி "நப்பா" என்பாள். தெருவில் வழி கேட்டால் "மி கொனே பா" என்பார்கள். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர் "இன்னாபா, எங்க போவணும்" என்று கேட்பதுபோலவே என் காதில் விழும். வந்து சில மாதங்கள் கழித்து மனைவியிடம் சந்தோஷமாகச் சொன்னேன், உங்கள் ஜனங்கள் ரொம்பப் பிரியமானவர்கள் என்று. அவள் சிரித்துவிட்டு விளக்கினாள். இங்கே 'பா' என்றால் இல்லை. நப்பா என்றால் கிடையாது. மி கொனே பா என்றால் எனக்குத் தெரியாது. அத்தனை நாளும் என்னிடம் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் பதிலுக்குச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ரீயூனியன் என்கிற இந்தத் தீவு ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே இந்துமாக் கடலில், பிரான்ஸின் ஆளுகையில் இருக்கிறது. கரும்புத் தோட்ட வேலைக்கு ஒரு காலத்தில் நம் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே நிறைய. கோயில் இருக்கிறது, தேர் இருக்கிறது, தீமிதி இருக்கிறது; தமிழ் மட்டும் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் மனைவியின் பெயர் ஒதீல் முத்துசாமி. அதைக்கூட 'மூட்டுசாமி' என்றுதான் சொல்வார்கள். நான் நகராட்சித் தோட்ட வேலையில் இருக்கிறேன். கடற்கரைச் சாலை ஓரத்துச் செடிகளை வெட்டிவிடுவது, தண்ணீர் ஊற்றுவது என் வேலை. மதியமானால் அந்தச் சாலையில் வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். வேனின் ஒரு பக்கத்தைத் தகரக் கதவுபோல் மேலே தூக்கிக் கம்பி கொடுத்து நிறுத்துவார்கள். உள்ளே அண்டாவில் சோறு, பயறு, கறிக்குழம்பு, கூடவே 'ருகாய்' என்று ஒரு காரத் தொக்கு. நம் ஊறுகாய்தான் ருகாய் ஆனது என்பார்கள். ஜனங்கள் அதை ஒரு பெட்டியில் வாங்கிக்கொண்டு அவரவர் காருக்குள் போய் உட்கார்ந்து, கண்ணாடி வழியே கடலைப் பார்த்தபடி சாப்பிடுவார்கள். பக்கத்துக் காரில் இருப்பவரோடு ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். நம்மூரில் கிரிவலப் பாதையில் வேனை நிறுத்தி இட்லி விற்கும்போது அதைச் சுற்றி நடக்கும் சத்தமும் நெரிசலும் இங்கே கிடையாது. முன்பெல்லாம் எனக்கு அது விசித்திரமாக இருந்தது. ஒதீல் போனபிறகு வசதியாக இருக்கிறது.

அவள் மருத்துவமனையில் நர்ஸ். போன வருடம் ஒருநாள் காலை வழக்கம்போல் வேலைக்குப் போனாள், அங்கேயே விழுந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். காப்பாற்றுகிற இடத்திலேயே விழுந்தவளைக் காப்பாற்ற முடியவில்லை. நான் அழவில்லை. அழக்கூடாது என்று இல்லை, வரவில்லை. செடி வெட்டினேன். மதியம் வண்டியில் சோறும் பயறும் வாங்கினேன். வண்டிக்காரி "மிளகாய்?" என்று கேட்பாள், போடு என்பேன். இன்னும் போடு என்பேன். நாக்கில் ஒன்றும் உறைக்காது, கண்ணில் மட்டும் தண்ணீர் வரும். பார்த்தவர்கள் நான் அழுகிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அது அழுகையல்ல, மிளகாய். வீட்டில் அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

ஊரிலிருந்து வேலு அண்ணன் அடிக்கடி போன் செய்வான். "இன்னும் அங்க இன்னாடா வேல ஒனக்கு? வந்துடு. நெலம் கீது, வூடு கீது" என்பான். சரிண்ணா என்பேன். பாக்கறேண்ணா என்பேன். போனை வைத்ததும் அவன் என்ன சொன்னான் என்பதே மறந்துபோகும்.

ஒதீலை நான் பார்த்தது ரமணாசிரமத்துப் பக்கம், செங்கம் சாலையில் ஒரு தங்கும் விடுதியில். நான் அங்கே பெட்டி தூக்குவேன், ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்துக் கொடுப்பேன், போகிற இடத்துக்கு வழி சொல்வேன். முன்னோர்களின் ஊரைத் தேடி வந்தவள் அவள். எந்த ஊர் என்று அவளுக்கே தெரியாது. இந்த மலையைப் பார்த்ததும் தேடலை நிறுத்திவிட்டாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவளைப் பார்த்து ஆச்சரியம். "நம்ம கலராத்தான் கீறா, தமிழ் மட்டும் வரலியே" என்று செல்வி அண்ணி அவள் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் கொஞ்சம், எனக்கு அதைவிடக் கம்மி. வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அவள் என்னிடம் கேட்டாள்: "யூ... மீட், நோ?" கறி கிடைக்குமா என்று கேட்கிறாள் என நினைத்தேன். ஆசிரமத்துப் பக்கம் வருகிறவர்களுக்குச் சொல்வதையே சொன்னேன்: "நோ மேடம். ஒன்லி வெஜ்." அவள் கேட்டது வேறு. நீ கறி சாப்பிட மாட்டாயா என்று கேட்டிருக்கிறாள். பௌர்ணமியன்று வெறுங்காலோடு மலையைச் சுற்றி வந்து, காலெல்லாம் கொப்புளத்தோடு என் முன்னால் உட்கார்ந்து சொன்னாள், "நானும் இனி உன்னைப்போல்" என்று.

நான் அடி அண்ணாமலைக்காரன். கிரிவலப் பாதையிலேயே பிறந்தவன்தான். ஆனால் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆட்டுக்கறி. கீழ்பென்னாத்தூரிலிருந்து மாமா வந்தால் கூடவே நாட்டுக்கோழி. அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு விளங்கியபோது எங்களுக்குக் கல்யாணம் முடிந்து அவள் மொழி எனக்குக் கொஞ்சம் பிடிபட்டிருந்தது. அதற்குள் அவள் தன் ஜனங்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள்: என் புருஷன் அந்த மலையிலிருந்து வந்தவன், பிறந்ததிலிருந்து கறி தொட்டதில்லை, நானும் விட்டுவிட்டேன். சொல்லும்போது அவள் முகம் இருந்த இருப்பைப் பார்த்து எனக்கு மறுக்க மனம் வரவில்லை. கறியை விட்டேன். இந்தத் தீவில், வண்டிக்கு வண்டி கறி கொதிக்கிற சாலையில் நின்று வருடக்கணக்காகச் சோறும் பயறும் சாப்பிட்டேன். லீவில் ஊருக்குப் போனாலும் அண்ணி எங்களுக்காகக் கறிச் சட்டியைப் பரணில் ஏற்றிவிடுவாள். "இன்னாமோ, நம்ம பையன ஐயராக்கி வுட்டாங்க" என்று வேலு அண்ணன் முணுமுணுப்பான். நான் கண்ணைக் காட்டி அடக்குவேன்.

அவள் இறந்து சில வாரங்கள் கழித்து, அவளுடைய பொருள்களை எடுத்துக்கொள்ளச் சொல்லி மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு பையில் செருப்பும் ஸ்வெட்டரும் சீப்பும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலுக்கு எதிரே ஒரு வண்டி நின்றது. பசி என்று இல்லை. மதியம் ஆகியிருந்தது, மதியமானால் வண்டி முன்னால் போய் நிற்பது வழக்கமாகியிருந்தது. வண்டிக்காரி ஐம்பது வயதுப் பெண், ஜோசியான் என்று பெயர். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"நீங்க ஒதீலோட வீட்டுக்காரர்தானே? போன்ல போட்டோ காட்டியிருக்கா."

ஆமாம் என்றேன். அவள் உடனே நீள ரொட்டி ஒன்றைக் கீறினாள். 'பூஷோன்' என்று இங்கே ஒன்று உண்டு. சீனர்கள் கொண்டுவந்தது, நம் கொழுக்கட்டைபோல் மாவுக்குள் பன்றிக்கறி வைத்து ஆவியில் வேகவைப்பார்கள். அதை வரிசையாக ரொட்டிக்குள் அடுக்கி, மேலே சீஸைத் தூவிச் சூட்டில் உருகவைத்து, காகிதத்தில் சுற்றி என் முன்னால் வைத்தாள். காசு வேண்டாம் என்று கையசைத்தாள்.

"மன்னிக்கணும். நாங்க கறி சாப்பிட மாட்டோம்" என்றேன்.

"இது ஒதீலோடது" என்றாள் ஜோசியான். "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதுதான். சீஸ் ஜாஸ்தியா, மிளகா இல்லாம."

வெள்ளிக்கிழமையா என்று கேட்டேன். வெள்ளிக்கிழமைதான் என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது. கரண்டியை எடுத்துக் காலி அண்டாவைக் கிளற ஆரம்பித்தாள்.

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்தேன். சூடு தொடையில் சுட்டது. எனக்குக் கோபம் வந்தது. அத்தனை வாரங்களில் எனக்குள் வந்த முதல் உணர்ச்சி அதுதான். வெள்ளிக்கிழமைகளில் அவள் காலையில் தலைக்குக் குளித்து விளக்கேற்றிவிட்டு வேலைக்குப் போவாள். நான் கடற்கரையில் பயறு தின்றுகொண்டிருக்க, இவள் இங்கே பன்றிக்கறி ரொட்டி தின்றிருக்கிறாள். செத்துப்போனவளிடம் எப்படிச் சண்டை போடுவது? "ஏன்டி?" என்று ஸ்டியரிங்கைப் பார்த்துத் தமிழில் கேட்டேன். அவளுக்கு அந்த வார்த்தை தெரியும். ரொட்டியைப் பிரிக்காமலே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அந்தக் கோபமும் ராத்திரிக்குள் வடிந்துவிட்டது.

நவம்பரில் இங்கே இறந்தவர்களுக்குப் படையல் போடுவார்கள். 'செம்ப்லானி' என்று பெயர். நம் சாம்பிராணிதான் அது. புகை போடுவதால் அந்தப் பெயர் வந்திருக்க வேண்டும். இறந்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் வாழையிலையில் வைப்பார்கள். குடித்தவருக்கு ரம் உண்டு, புகைத்தவருக்குச் சிகரெட் உண்டு. ஒதீலின் அம்மா என்னைக் கூப்பிட்டு, "இந்தியாவில் எப்படிச் செய்வீர்கள், நீயே சொல்" என்றாள். நான் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவேன். அது அவளுக்குப் பிடிக்கும். எங்கள் ஊரிலும் இப்படித்தான் அம்மா, பிடித்ததை வைப்போம் என்றேன். அப்படியானால் காய்கறி மட்டும் வைக்கலாம், அவள்தான் கறியை விட்டுவிட்டாளே என்றாள். நான் தலையாட்டினேன்.

ஆனால் படையலன்று காலையில் என் கார் மருத்துவமனை வாசலுக்குத்தான் போனது. சீஸ் ஜாஸ்தியாக, மிளகாய் இல்லாமல் ஒன்று என்று ஜோசியானிடம் சொன்னேன். வழியெல்லாம் பயமாக இருந்தது. மகளைப் பற்றி ஒரு தாய் நம்பிக்கொண்டிருப்பதை, அதுவும் இன்றைக்கு, நான் ஏன் கலைக்க வேண்டும்? திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் இலையில் ஒதீலுக்குப் பிடிக்காததை வைத்து அவளைக் கூப்பிடவும் மனம் வரவில்லை. அம்மா வீட்டுக்குள் நுழைந்தபோது இலையில் சோறு, பூசணிக்காய், முருங்கைக்கீரை, பாயசம் எல்லாம் வைத்தாகிவிட்டது. நடுவில் ஒதீலின் படம். நான் பொட்டலத்தை ஓரமாக வைத்தேன். அம்மா குனிந்து காகிதத்தைப் பிரித்தாள். மோந்து பார்த்தாள்.

"சீஸ் ஜாஸ்தியா போடச் சொன்னியா?" என்றாள்.

நான் அவளையே பார்த்தேன். "அம்மா, உங்களுக்குத் தெரியுமா?"

"ஊ கொனே பா?" என்றாள். உனக்குத் தெரியாதா? அறையில் இருந்த ஒதீலின் தம்பி, சித்தி, மாமன் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"ஒரு வருஷம்தான் தாக்குப்பிடிச்சா, பாவம்" என்றாள் அம்மா. "உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கினா. நீ மலையில பொறந்தவன், மனசு ஒடஞ்சு போயிடுவேன்னு."

"அம்மா," என்றேன், "எங்க வீட்ல ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் ஆட்டுக்கறி."

அவளுக்கு முதலில் புரியவில்லை. என் உச்சரிப்பு தப்போ என்று இன்னொருமுறை சொன்னேன். பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். தரையில் உட்கார்ந்து, வாயைப் புடவையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். எனக்கு இரண்டுமே வரவில்லை. ஒதீல் என்னைக் கட்டிக்கொண்டாளா, மலையைக் கட்டிக்கொண்டாளா என்று யோசித்தேன். நானும்தான் அவளுக்காக ஒரு மலையாகவே நின்றிருக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் அம்மா அந்த ரொட்டியைப் பிட்டு எனக்குப் பாதி கொடுத்தாள். ஆறிப்போய், சீஸ் இறுகி, கறி ரப்பர் மாதிரி இருந்தது. முழுக்கத் தின்றேன். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஜோசியானின் வண்டிக்குப் போகிறேன். அவள் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை; காகிதத்தில் சுற்றித் தருகிறாள், காரில் உட்கார்ந்து தின்கிறேன். ருசியாக இருக்கிறதா என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது.

பொங்கல் கழிந்து லீவு போட்டு ஊருக்குப் போனேன். நடந்ததை வேலு அண்ணனிடம் போனிலேயே சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. நான் நுழையும்போதே வாசல்வரை குழம்பு வாசனை. பாதையில் வெளியூர் ஜனங்கள் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். கொல்லைக் குழாயில் கை கழுவிவிட்டு வந்து அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணி சந்தோஷமாக இலை போட்டுச் சோற்றைக் குவித்தாள். "எத்தினி வருசம் ஆச்சு எங்கையால கறி துன்னு" என்று சொல்லிக்கொண்டே சட்டியிலிருந்து எலும்பும் ஈரலுமாகப் பார்த்துப் பார்த்து அள்ளினாள். கரண்டி என் இலைக்கு மேலே வந்தது. என் இடது கை தானாக நீண்டு சோற்றை மூடிக்கொண்டது.

"இன்னாடா?" என்றான் அண்ணன். "அங்க பன்னியே துன்றன்ற. இங்க சொந்த வூட்ல ஆட்டுக்கறி வாணான்றியா?"

"வேணாம் அண்ணி. கொஞ்சம் ரசம் ஊத்துங்க."

"ஏன் சாமி, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

இல்லை என்றேன். இந்த மலையடியில்தான் அவள் கொப்புளக் காலோடு உட்கார்ந்து 'உன்னைப்போல்' என்று சொன்னாள். அவளால் அங்கே காப்பாற்ற முடியாததை இங்கே யாராவது காப்பாற்ற வேண்டும்போல் இருந்தது. ஆனால் அதை அண்ணியிடம் எந்த மொழியில் சொல்வது என்று தெரியவில்லை. அண்ணி கரண்டியைத் திருப்பவும் இல்லை, கவிழ்க்கவும் இல்லை. அதன் விளிம்பிலிருந்து ஒரு சொட்டுக் குழம்பு என் புறங்கையில் விழுந்தது. சூடு தெரிந்தது. நான் கையை எடுக்கவில்லை.