டெலு ஏறும் மெத்தை

சொல்லப்போவது நிஜமாக நடந்தது. மெத்தையின் உயரத்தில் மட்டும் ஒரு முழம் கூட்டியிருக்கிறேன். ஆட்களும் அவர்கள் வாயும் அசல்.

கல்யாண வீட்டுக்குள் நுழைந்தால், வந்தவர்களுக்கு விரித்த பாயை டெலு திரும்பியும் பார்க்கமாட்டாள். நேராக மணப்பெண்ணின் கட்டிலுக்குப் போவாள். எங்கள் பக்கத்து வழக்கப்படி மெத்தைமேல் மெத்தை. ஏறினால் கூரை இடிக்கும். நடுவில் சம்மணம் போட்டு, ஒரு ஆட்டில் பாதியைத் தின்றுவிட்டு இறங்கி, உட்கார்ந்த இடத்தைத் தட்டுவாள். "தொட்டுப் பாருங்கடி. பாலைவனம் மாதிரி காஞ்சு கெடக்கா?"

அவளுக்கு முதல் பிரசவத்தில் நாள்கணக்கில் வலி. பிள்ளை செத்துப் பிறந்தது. உள்ளே ஓட்டை விழுந்து மூத்திரம் நிற்காமல் ஒழுகியது. புருஷன் தாய்வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். வருஷக்கணக்கில் மணலில்தான் உட்கார்ந்தாள். கட்சினா ஆஸ்பத்திரியில் இரண்டாவது தடவை தைத்தபோது ஓட்டை அடைபட்டது. இப்போது சாலையோரம் காராமணி வடை சுடுகிறாள். அந்தப் புருஷனும் வாங்க வருவான். அவனுக்கு மட்டும் ஆறிப்போன வடை.

போன வாரம் ஹன்சத்துவின் மகளுக்குக் கல்யாணம். டெலு வழக்கம்போல மெத்தைமேல். கதவோரம் ராபி நின்றிருந்தாள். சின்னப் பெண். ஊரே பற்றி எரிகிற மாதிரி அவள் துணியில் சாம்பிராணிப் புகை. எதை மறைக்க என்று டெலுவுக்குத் தெரியாதா?

"ஏன்டி நிக்கறே?"

ராபியின் மாமியார் லராய் முந்திக்கொண்டாள். "அவ நின்னே பழகிட்டா."

"நின்னே பழக அவ என்ன கழுதையா? மேல வா, ராபி."

"நனைஞ்சிடும்க்கா."

"நனையட்டும். மெத்தைக்கு வெயில் இருக்கு, உனக்கு டாக்டர் இருக்காரு. சனிக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன். அங்கயே தங்கி உனக்குச் சமைச்சுப் போட ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்."

"என் மவன் விடணுமே," என்றாள் லராய்.

ராபி ஏறி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் புது விரிப்பில் ஈரம் படர்ந்தது. டெலு நகர்ந்துபோய் அந்த ஈரத்தின்மேலேயே உட்கார்ந்து, கறியைப் பிய்த்து ராபியிடம் நீட்டினாள்.

ஹன்சத்து விரிப்பைப் பார்த்தாள், ராபியைப் பார்த்தாள். "போனாப் போகுது, துணிதானே. சமைக்க நான் போறேன்."

லராய் துள்ளி எழுந்தாள். "என் மருமவளுக்குப் பொங்கிப்போட நீ யாருடி?"

"இத்தனை மாசமா நிக்க வச்சவ பேசறியா?"

"உன் களியைத் தின்னா, போட்ட தையலும் பிரிஞ்சிரும். நான்தான் போவேன்."

"மவன் விடணும்னே?"

"அவன் கெடக்கான். நான் பெத்தவன்தானே."

அதற்குள் பாயிலிருந்தவர்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். களி கிண்டத் தெரிந்தவள் யார் என்று பிடித்த சண்டையில் வெளியே அடித்த மேளமே நின்றுபோனது. ராபி மட்டும், யாரும் பார்க்காதபோது, இரண்டு காலையும் மெல்ல மெத்தைமேல் நீட்டிக்கொண்டாள்.