ஊக்கு கழற்றாத சேலை

காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பார்கள். எங்கள் கதையில் காக்காய் நான். பழத்தைப் பொறுக்கிக்கொண்டு போனவள் என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய அண்ணன் மனைவி.

பிரிக்பீல்ட்ஸில் அவளுக்கு ஓர் அழகு நிலையம். மணப்பெண்களுக்குச் சேலை கட்டிவிடுவது அங்கே என் வேலை. ஒருநாள் அவள் கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்கு அவசரமாகக் கிளம்பியபோது, அவளுக்கே கட்டிவிட்டேன். கொசுவம், முந்தானை எல்லாம் மடித்து ஊக்குக் குத்தி முடித்த பிறகு, கண்ணாடியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"என்னடி இது, வயித்துல தலகாணி கட்டுன மாதிரி இருக்கு. கழட்டு. அந்தப் பச்சைய கட்டிவிடு லா."

வாடிக்கைக்காரிகள் முன்னால் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடுப்பிலும் தோளிலும் இருந்த ஊக்குகளை மட்டும் பிடுங்கிச் சேலையை உருவினேன். மடிப்புகளில் குத்தியதை எல்லாம் எவள் கழற்றுவது? அப்படியே ஹேங்கரில் மாட்டிக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டேன்.

அடுத்த வாரம் வேறொரு விருந்துக்கு அதே சேலையைக் கேட்டாள். எடுத்துப் பார்த்தால் ஒரு மடிப்பும் கலையவில்லை. சுற்றினேன், செருகினேன், முடிந்தது. அவள் குடித்துக்கொண்டிருந்த காப்பிகூட ஆறவில்லை. கோபம் மறந்து நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அதற்குப் பிறகு, இப்படி முன்கூட்டியே மடித்து ஊக்குக் குத்தித் தரச் சொல்லி வாடிக்கைக்காரிகளின் சேலைகள் பை பையாக வந்தன. மடிப்பதெல்லாம் நான். கடையின் விளம்பர வீடியோவில் பேசுவதெல்லாம் அவள். இப்படி மடித்துத் தருகிறவர்கள் ஊரில் வேறு பலரும் இருக்கலாம். ஆனால் எங்கள் கடைக்கு அது என் கையால் வந்தது. அதை ஒரே ஒருமுறை, நாலு பேர் முன்னால், அவள் வாயால் சொல்ல வேண்டும். வேறெதையும் நான் கேட்கவில்லை.

பூச்சோங்கில் பெண்களுக்கு இந்த மடிப்பைச் சொல்லித்தர ஒரு பயிற்சி வகுப்பு வைத்தாள். முன்வரிசையில் இருந்த பெண், "இத எப்படி ஆன்டி கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள். நான் நிமிர்ந்து ஓரகத்தியின் முகத்தைப் பார்த்தேன்.

"அது ஒரு அக்சிடென்ட் லா. யாரும் ஒண்ணும் செய்யல. தானா நடந்துச்சு," என்று சிரித்தவள், மேசை மேல் இருந்த பட்டுச் சேலையை என் பக்கம் தள்ளினாள். "ம், மடிச்சுக் காட்டு."

நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

"இருங்க அக்கா. தானா நடக்கட்டும்."

அவளே சேலையை எடுத்தாள். முதல் மடிப்பு கோணிக்கொண்டு போனது. அடுத்தது விரலை விட்டு நழுவித் தரையில் விழுந்தது. நான் குனியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழுவதையும் பார்த்தேன்.